மாய எண்கள் கண்ட மரியா அம்மையார்

இசைக்கவையைத் தட்டி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயின் வாயருகே பிடித்தால், தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நிற்கும்போது மட்டும் குழாய் திடீரென்று உரக்க ஒலிக்கும். மேல் வகுப்பு அக்காக்கள் ஆய்வுக்கூடத்தில் இச்சோதனையைச் செய்யும்போது நாங்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறோம். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்கு அதற்கே உரிய ஒலி இருப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத அணுக்கருவுக்கும் உண்டு என்று கேள்விப்பட்டபோது நாங்கள் வியந்தோம். அவ்வொலியை ஆராய்ந்தவர்கள் எந்தெந்த அணுக்கருக்களை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடிப் படித்தபோது ஒரு பெண்மணியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவர்தாம் மரியா கோப்பர்ட் மேயர் அம்மையார்.

எங்கள் பத்தாம் வகுப்புப் பாடநூலில் கியூரி அம்மையாரைப் பற்றிப் படிக்கிறோம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர், ஆண்டு 1903. இரண்டாவது பெண்மணியைச் சொல்லுங்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

மரியா 1906 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் காட்டோவிட்ஸ் என்னும் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோருக்கு ஒரே மகள். தந்தை பிரடெரிக் கோப்பர்ட் குழந்தை மருத்துவர். 1910 இல் அவருக்குக் காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைக்கவே, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. தந்தை வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள்! வீட்டோடு முடங்கும் பெண்ணாக மட்டும் வளர்ந்துவிடாதே என்று தந்தை மகளுக்குச் சொல்லி வந்தாராம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தகப்பனார் இப்படிச் சொன்னாரே என்று நாம் மகிழ்ந்தாலும், அவர் பேச்சை அந்நாளைய உலகம் கேட்டதா என்பதைப் பின்னால் காண்போம்.

காட்டிங்கன் சிறிய ஊர்தான். ஆயினும் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் அன்று அதுவே தலைநகரம். உலகப் புகழ் பெற்ற கணித மேதை டேவிட் ஹில்பர்ட், கோப்பர்ட் குடும்பத்தின் அண்டை வீட்டுக்காரர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பெண்களைத் தயார் செய்த பள்ளி ஊரில் ஒன்றே ஒன்று. பெண்களுக்கு உரிமை வேண்டுமென்று போராடியவர்கள் நடத்தி வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்தபோது அப்பள்ளி மூடப்பட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்துடன் படிப்பை விட்டிருப்பார்கள். மரியாவோ ஓர் ஆண்டு முன்னதாகவே தேர்வை எழுதித் தேறி, 1924 இல் பல்கலைக்கழகத்தில் கணித மாணவியாகச் சேர்ந்துவிட்டார்.

கணிதம் படிக்கச் சென்றவரை இயற்பியலுக்கு இழுத்தவர் பேராசிரியர் மாக்ஸ் பார்ன். குவாண்டம் இயக்கவியல் என்ற புதிய விஞ்ஞானம் அவருடைய வகுப்பறையிலேயே உருவாகிக் கொண்டிருந்த நேரம் அது. (பிற்காலத்தில் நாஜிகளால் வேலை இழந்த இப்பேராசிரியர், நமது சர் சி. வி. இராமன் அவர்களின் அழைப்பை ஏற்று 1935-36 இல் பெங்களூரில் சில மாதங்கள் தங்கியிருந்தார்.) 1927 இல் மரியாவின் தந்தை காலமானார். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியே தீருவது என்று மரியா டாக்டர் பட்டத்துக்கு உழைத்தார். தாயார் வீட்டில் மாணவர்களைக் குடி வைத்தார். அப்படிக் குடிவந்த அமெரிக்க இளைஞர் ஜோசப் மேயர் என்பவரை மரியா 1930 ஜனவரியில் மணந்துகொண்டார். அதே ஆண்டு டாக்டர் பட்டமும் பெற்றார். தேர்வாளர்களாக அமர்ந்த மூவரில் இருவர் அப்போதே நோபல் பரிசு பெற்றிருந்தவர்கள். மூன்றாமவரான பார்ன் பிறகு பெற்றார்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல். ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்கக்கூடும் என்று மரியா கணக்கிட்டுக் காட்டினார். அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குப் பிரகாசமான ஒளி அன்று உலகிலேயே கிடையாது. லேசர் வந்த பிறகு 1961 இல்தான் அது உண்மையென மெய்ப்பிக்கப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் காத்திருந்த கணக்கு!

இனி, காத்திருந்தது கணக்கு மட்டும் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். மணமானதும் தம்பதியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப்புக்கு வேலை. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்பது அந்நாளில் பல பல்கலைக்கழகங்களில் விதி. ஆகவே மரியாவுக்குப் பேராசிரியர் பதவி இல்லை. ஜெர்மன் மொழிக் கடிதப் போக்குவரத்தில் உதவுவதற்கென்று ஒரு சிறு தொகையும், உட்கார ஓர் அறையும் கொடுத்தார்கள். அவரோ அந்த அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். சுற்றிலும் வேதியியல் அறிஞர்கள் இருந்ததால் வேதியியலும் கற்றுக்கொண்டார். கோடை விடுமுறைகளில் காட்டிங்கனுக்குச் சென்று பழைய குருவுடன் சேர்ந்து எழுதினார். 1933 இல் ஒரு மகளும் 1938 இல் ஒரு மகனும் பிறந்தனர்.

1939 இல் கணவருக்கு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கும் மரியாவுக்குச் சம்பளம் இல்லை. இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்த என்ரிகோ பெர்மி அங்குதான் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் என்ற கல்லூரி அவரை அரை நேர ஆசிரியையாக நியமித்தது. ஊதியத்துடன் கிடைத்த முதல் ஆசிரியப் பணி அதுவே. அப்போது அவருக்கு வயது 35. போர்க்காலத்தில் யுரேனிய ஐசோடோப்புகளைப் பிரிக்கும் இரகசிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அவர் முயன்ற வழி பலிக்கவில்லை. அது பலிக்காமல் போனது தம் நல்வினை என்றே அவர் பிற்காலத்தில் நினைத்தார். எதிரிப் படையிலும் அவருடைய பழைய உற்றார் நண்பர்கள் இருந்தார்கள் அல்லவா?

போர் முடிந்து 1946 இல் சிகாகோ சென்றனர். அந்தப் பல்கலைக்கழகம் ஜோசப்பைப் பேராசிரியராக நியமித்தது. மரியாவுக்கு 'தன்னார்வ' இணைப் பேராசிரியர் என்று பட்டம் கொடுத்தது. அதாவது பேராசிரியர் செய்யும் வேலை அனைத்தும் உண்டு, சம்பளம் மட்டும் இல்லை. இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மையாருக்கு வந்ததாகத் தெரியவில்லை. தம்மை ஒரு தொல்லையாக நினைக்காமல் கைநீட்டி வரவேற்ற முதல் இடம் சிகாகோ என்றே அவர் மகிழ்ந்தார். எவ்வளவு குறைவான மரியாதைக்குப் பழகியிருந்தால் இதற்கே மகிழ்ச்சி வரும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அருகில் அப்போதுதான் தொடங்கிய ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் அவருக்கு அரை நேர வேலை கொடுத்தார். அணுக்கரு பற்றித் தமக்கு அதிகம் தெரியாதே என்று தயங்கியவர், வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அப்போது வயது நாற்பது.

தனிமங்கள் உலகில் எப்படித் தோன்றின என்ற ஆராய்ச்சியில் எட்வர்ட் டெல்லர் என்பவருடன் அவர் ஈடுபட்டார். எந்தெந்த அணுக்கரு உலகில் மிகுதியாகக் கிடைக்கிறது என்ற பட்டியலைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, சில எண்கள் அவர் கண்ணில் பட்டன. 2, 8, 20, 28, 50, 82, 126. புரோட்டான்களின் எண்ணிக்கையோ நியூட்ரான்களின் எண்ணிக்கையோ இவற்றுள் ஒன்றாக இருந்தால் அந்த அணுக்கரு மற்றவற்றைவிட உறுதியாக இருந்தது. வெள்ளீயத்தில் 50 புரோட்டான்கள். அதற்குத்தான் எல்லாத் தனிமங்களையும்விட அதிகமாக, பத்து நிலையான ஐசோடோப்புகள் உண்டு. காரீயம்-208 இல் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். இரண்டுமே பட்டியலில் உள்ளவை. இவ்வெண்களுக்கு மாய எண்கள் என்று பெயர் வந்தது.

எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமைவதை நாம் படித்திருக்கிறோம். கூடு நிரம்பினால் மந்த வாயு. அது எளிதில் எதனோடும் சேராது. அணுக்கருவுக்கு உள்ளேயும் இப்படிக் கூடுகள் இருக்க வேண்டும் என்று அம்மையார் எண்ணினார். இதை முன்பே சிலர் சொல்லி, பெரியவர்கள் ஏற்காமல் கைவிடப்பட்டிருந்தது. அணுக்கரு ஒரு நீர்த்துளி போன்றது, அதற்குள் தனித்தனிப் பாதைகள் இருக்க முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. மேலும் கணக்கும் ஒத்து வரவில்லை. எளிய கூட்டுக் கணக்குப் போட்டால் 2, 8, 20 வரை சரியாக வரும். அதற்கு மேல் 40, 70, 112 என்று வரும். இயற்கையோ 28, 50, 82, 126 என்றது. அம்மையார் பல மாதங்கள் இந்தப் புதிரோடு மல்லாடினார்.

ஒரு நாள் பெர்மியுடன் இதைப் பேசிக் கொண்டிருந்தார். தொலைபேசி அழைப்பு வந்ததால் பெர்மி எழுந்தார். அறையை விட்டுப் போகும்போது, தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் தொடர்பு ஏதேனும் தென்படுகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அம்மையாருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பெர்மி திரும்பி வந்தபோது அவர் படபடவென்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

இதை அவர் தம் மகளுக்கு விளக்கிய விதம் எங்களுக்கும் பயன்பட்டது. ஒரு பெரிய கூடத்தில் ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் நடனம் ஆடுகிறார்கள். எல்லா ஜோடிகளும் கூடத்தைச் சுற்றி வருகின்றன. அதே நேரத்தில் ஒவ்வொரு ஜோடியும் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. கூடத்தைச் சுற்றும் திசையிலேயே தன்னைச் சுற்றும் ஜோடிக்கு ஆட்டம் எளிது. எதிர்த் திசையில் சுற்றும் ஜோடிக்குக் கடினம். அணுக்கருவில் உள்ள துகள்களுக்கும் அப்படியே. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் குறைவு, எதிராக இருந்தால் அதிகம். ஆகவே ஒவ்வொரு பெரிய கூட்டிலும் ஒரு பகுதி தன் இடத்தை விட்டுத் தாழ்ந்து கீழே வருகிறது. அப்பகுதிகளில் இருக்கும் இடங்கள் முறையே 8, 10, 12, 14. இனிக் கூட்டிப் பாருங்கள்: 20 உடன் 8, 28. 40 உடன் 10, 50. 70 உடன் 12, 82. 112 உடன் 14, 126! நாங்கள் நோட்டில் எழுதிக் கூட்டியபோது விடை வந்ததைக் கண்டு கைதட்டிவிட்டோம். கணக்கு வகுப்பில் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

பெர்மியின் பெயரையும் கட்டுரையில் சேர்க்க அம்மையார் விரும்பினார். பெர்மி மறுத்துவிட்டார். தம் பெயர் இருந்தால் புகழ் முழுவதும் தமக்கே வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அம்மையார் கட்டுரையின் முடிவில் அந்த ஒரு கேள்விக்கு நன்றி எழுதினார். அது 1949 இல் வெளிவந்தது. அதே சமயத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் ஜென்சனும் அவர் நண்பர்கள் இருவரும் அதே விடையைத் தனியே கண்டிருந்தனர். போட்டியாளர்கள் நண்பர்களாயினர். 1955 இல் மேயரும் ஜென்சனும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். உரிக்க உரிக்கக் கூடு கூடாக இருக்கும் அணுக்கருவைச் சொன்னதால் வோல்ஃப்காங் பௌலி என்ற விஞ்ஞானி அம்மையாரை வெங்காய மாதா என்று கேலி செய்தாராம். மாதா பக்தி மிகுந்த எங்கள் தோழியர் இதைக் கேட்டு முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு எல்லோருமாகச் சிரித்துவிட்டோம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஒத்ததிர்வுக்கு வருவோம். 1947 இல் அமெரிக்காவில் பால்ட்வின், கிளைபர் என்ற இருவர் அணுக்கருக்கள்மீது காமாக் கதிரைச் செலுத்தினர். கதிரின் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட அளவை நெருங்கியபோது மட்டும் அணுக்கரு அதை மிகுதியாக உறிஞ்சியது. இசைக்கவையும் குழாயும் போலவே! மறு ஆண்டு கோல்ட்ஹேபர் என்பவரும், அம்மையாருடன் உழைத்த அதே டெல்லரும் காரணம் கூறினர். புரோட்டான்கள் எல்லாம் ஒரு புறமும் நியூட்ரான்கள் எல்லாம் மறு புறமுமாக எதிரெதிரே ஆடுகின்றன என்றனர். இதற்குப் பூத ஒத்ததிர்வு என்று சொல்லலாம். அத்தனை பெரியது.

இதை அளக்க விரும்பியவர்களுக்கு மாய எண் அணுக்கருக்கள் வரப்பிரசாதமாயின. கூடுகள் நிரம்பிய அணுக்கரு உருண்டையாக இருக்கும். நன்றாக வார்த்த கோயில் மணிபோல ஒரே நாதம் தரும். காரீயம்-208 சுமார் 13.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் ஒலிக்கிறது. ஆனால் இங்கே அம்மையாரின் கருத்துக்கு ஒரு சோதனை வந்தது. காரீயத்தில் ஒரு துகள் ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குத் தாவ ஏறக்குறைய 7 போதும். ஒலியோ அதைப்போல் இரு மடங்கில் கேட்கிறது. அப்படியானால் கூடுகள் பொய்யா, நீர்த்துளிதான் மெய்யா? எலியட், ஃபிளவர்ஸ் என்ற இருவர் 1957 இல் ஆக்சிஜன்-16 ஐ எடுத்துக்கொண்டு கணக்கிட்டனர். தனித்தனித் தாவல்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அவற்றுள் ஒரு சேர்க்கை மட்டும் மற்றவற்றின் வலிமையையெல்லாம் சேர்த்துக்கொண்டு மேலே எழும்புகிறது. ஆக்சிஜனில் அது 22 அருகே எழும்ப வேண்டும். சோதனையும் அங்கேயே காட்டியது. ஆகவே நீர்த்துளியின் ஆட்டத்தையும் கூடுகளிலிருந்தே கட்டிவிடலாம் என்று ஆயிற்று. ஆக்சிஜனில் துகள்கள் பதினாறுதானே. அதனால் அதன் ஒலி ஒரே மேடாக இல்லாமல் பல சிகரங்களாக உடைந்து தெரிகிறது. பள்ளிப் பாடகர் குழுவில் நான்கு பேர் பாடினால் ஒவ்வொரு குரலும் தனியே கேட்கும், நாற்பது பேர் பாடினால் கேட்காது அல்லவா? அதுபோலத்தான்.

சமேரியத்தின் கதை இன்னும் அழகு. 82 நியூட்ரான்கள் உள்ள சமேரியம்-144 ஒரே மேடு காட்டுகிறது. நியூட்ரான்களைக் கூட்டிக்கொண்டே போய்ச் சமேரியம்-154 ஐ அடைந்தால் அணுக்கரு முட்டை வடிவாகிவிடுகிறது. மேடும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. நீள வாட்டில் ஓர் ஒலி, குறுக்கு வாட்டில் ஓர் ஒலி. பிரான்சு நாட்டில் சாக்லே ஆய்வுக்கூடத்தில் இதனை அளந்து 1974 இல் வெளியிட்டார்கள்.

அம்மையாரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1960 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சான் டியாகோவில் கணவன் மனைவி இருவருக்கும் முழுப் பேராசிரியர் பதவி அளித்தது. டாக்டர் பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் கழித்து முழுச் சம்பளம்! போன சில நாட்களுக்குள் பக்கவாதம் தாக்கியது. கையும் பேச்சும் பாதிக்கப்பட்ட நிலையிலும் அவர் பாடம் நடத்துவதையும் ஆராய்ச்சியையும் விடவில்லை. 1963 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாதி யூஜின் விக்னருக்கு, மறு பாதி மேயர் அம்மையாருக்கும் ஜென்சனுக்கும். உள்ளூர்ப் பத்திரிகை கொடுத்த தலைப்பில் விஞ்ஞானி என்ற சொல் இல்லை. சான் டியாகோ ஊர்த் தாய் ஒருவர் பரிசு பெற்றார் என்று அச்சிட்டது. ஜென்சனைத் தந்தை என்று யாரும் அச்சிட்டிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். பரிசு வாங்கியதைவிட அந்த வேலையைச் செய்தபோதுதான் தமக்கு அதிக மகிழ்ச்சி இருந்தது என்று அம்மையார் கூறினார். அவருக்குப் பின் இயற்பியலில் இப்பரிசை ஒரு பெண்மணி பெற 55 ஆண்டுகள் ஆயின. 2018 இல் பெற்ற டோனா ஸ்டிரிக்லாண்ட் அம்மையாரின் துறையும் லேசர்தான்.

1971 இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எலக்ட்ரான் கற்றையால் தட்டி, அணுக்கருவின் இன்னொரு பெரிய ஒத்ததிர்வைக் கண்டார்கள். உருண்டை நீண்டும் சப்பையாகியும் ஆடும் ஆட்டம் அது. அவர்கள் எடுத்துக்கொண்ட தனிமங்கள் லாந்தனம், சீரியம், பிரசியோடைமியம். மூன்றிலும் நியூட்ரான்கள் 82. மேயர் அம்மையார் 1972 பிப்ரவரி 20 அன்று சான் டியாகோவில் காலமானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1977 இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆல்ஃபாத் துகள்களைக் காரீயம்-208 மீதும் சமேரியம்-144 மீதும் எறிந்தபோது, அணுக்கரு முழுவதும் மார்பு விரிந்து சுருங்குவது போலப் பெரிதாகிச் சிறிதாவதைக் கண்டறிந்தார்கள். அந்த ஆட்டத்துக்கு விஞ்ஞானிகள் மூச்சு விடுதல் என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.